பன்னிரண்டடிப் படத்துக்கு ஒன்பதரையடிச் சட்டம்

செஞ்சிக் கோட்டையை வரைய உட்காரும் ஓவியருக்கு முதல் தொல்லை அதன் அகலம். ஒரு பக்கம் ராஜகிரி, எதிரே கிருஷ்ணகிரி, தள்ளி சந்திரகிரி, மூன்றையும் கோத்துக்கொண்டு ஓடும் மதில். நிமிர்ந்த தாளில் இது அடங்காது. படுக்கைவாட்டில் நீளும் துணிதான் வேண்டும். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; மிச்சம் ஒன்று செஞ்சி. இனி அந்த மூன்று மலையையும் பெரிய அளவில் வரைந்து சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைவிருக்காது. 12 அடி நீளம், 5 அடி உயரம் என்று ஒரு கேன்வாஸ் வைத்துக்கொள்வோம். வரைவது ஓவியர் பாடு. சட்டம் போடுவதுதான் சிக்கல்.

எந்த ஊர் படக்கடையிலும் சுவரோரமாகச் சாத்திவைத்திருக்கும் பிரேம் ஸ்டிக்குகளைப் பார்க்கலாம். தங்க நிறம், வெள்ளி நிறம், தேக்கு நிறம். இன்று பெரும்பாலும் அது மரமே இல்லை. பாலிஸ்டிரீன் என்ற பிளாஸ்டிக். நீளம் பெரும்பாலும் ஒன்பதரை அடி, மீறினால் பத்து. கல்யாணப் படம், காலண்டர் முருகன், மறைந்த தாத்தாவின் மாலை போட்ட படம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். ஒரு ஸ்டிக்கை வெட்டினால் இரண்டடிக்கு ஒன்றரையடிப் படம் ஒன்று முடிந்து துண்டும் மிஞ்சும். கடைக்காரரின் கணக்கு அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பன்னிரண்டடிக் கேன்வாஸ் வந்ததும் இந்தக் கணக்கு உடைகிறது. சட்டத்தின் அகலம் 4 அங்குலம் என்றால் மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் வெளியளவில் 12 அடி 8 அங்குலம் வேண்டும், ஏனென்றால் மூலையில் 45 டிகிரி சாய்த்து வெட்டும்போது இரண்டு பக்கமும் சட்டத்தின் அகலம் கூடிக்கொள்ளும். பக்கச் சட்டங்கள் தலா 5 அடி 8 அங்குலம். மொத்தம் 36 அடி 8 அங்குலம். ஒன்பதரையடி ஸ்டிக் நான்கு வாங்கினால் 38 அடி. காகிதத்தில் கணக்கு நேர். கையில் எடுத்தால் ஒரு நீளச் சட்டம்கூட முழுதாக வராது. ஒட்டு நடுவில்தான் இருக்க வேண்டும், பக்கச் சட்டம் ஒட்டில்லாமல் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஆறு ஸ்டிக் செலவாகும். கடையில் முழங்கால் உயரத்துக்குத் துண்டு சேரும்.

சரி, பிளாஸ்டிக் வேண்டாம், மரத்திலேயே போடலாம் என்று மரவாடிக்குப் போனால் அங்கே வேறு கதை. தமிழ்நாட்டு மரவாடியின் இருப்பைத் தீர்மானிப்பது கதவு நிலையும் ஜன்னலும். வாசல் நிலைக்கு ஏழடிக் கால், மூன்றரை நாலடிக் குறுக்கு. அறுத்து அடுக்கியிருக்கும் சைஸ் மரம் பெரும்பாலும் அந்த அளவுகளையும் அவற்றின் மடங்குகளையும் சுற்றியே இருக்கும். பதின்மூன்றடியில் கோணல் இல்லாத, கணு இல்லாத, வெள்ளை படாத தேக்கு கேட்டால், “உத்திரத்துக்கா?” என்ற கேள்விதான் முதலில் வரும். விலையும் ஏறும். மரத்தைக் கன அடியில் விற்கிறார்கள், ஆனால் எல்லாக் கன அடியும் ஒன்றல்ல. அதே கன அடி நீளத் துண்டில் இருந்தால் ரேட் கூடும். அதில் அநியாயம் எதுவும் இல்லை. ஏழடிக்குள் ஒரு கணுவை ஒதுக்கி அறுப்பது சுலபம். பதின்மூன்றடிக்கு ஒதுக்க வேண்டுமானால் கட்டையிலேயே பாதி கழியும்.

நீளத்துக்கு எல்லை போடுவது மரம் மட்டும் இல்லை. இயற்கைக் காட்டுத் தேக்கு கிளை விடுவதற்கு முன் நாற்பது ஐம்பது அடி நேராக வளரும். ஆனைமலையில் அப்படிப்பட்ட கட்டைகளைச் சரிவில் உருட்டி இறக்கிய இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பெயர் நிலைத்தது. இன்று நம் மரவாடிகளுக்குத் தேக்கு தூத்துக்குடி முதலான துறைமுகங்கள் வழியே ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வருகிறது. அதில் பெரும்பகுதி தோட்டத்தில் நட்டு, சீக்கிரமே வெட்டியது. தண்டு மெலிது, கணு அதிகம். பெரும்பாலும் கன்டெய்னரில் வருவதால் கட்டையை அதற்குள் அடங்கும்படி துண்டு போடுகிறார்கள். இருபதடிக் கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 19 அடி 4 அங்குலம். இறக்கிய கட்டை மர அறுவை மில்லில் இன்னும் குறுகும், லாரியில் ஏற்றும்போது இன்னும் குறுகும், மினி வேனில் வீட்டுக்கு வரும்போது எட்டடிக்கு மேல் நீட்டினால் பின்னால் சிவப்புத் துணி கட்ட வேண்டும். காட்டில் நாற்பதடி நின்றது கடைக்கு வருவதற்குள் ஏழடியாகிவிடுகிறது.

பர்மா தேக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் மலரும். அந்தக் கதவும் அடைபட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. அறுத்த மரம் வரும். ஆனால் எந்த நீளத்தில் அறுப்பது என்பதை இங்கிருப்பவர் சொல்ல முடியாது.

இந்த நெருக்கடிக்கு செஞ்சி வட்டாரம் சொன்ன பதில் 1,400 ஆண்டுப் பழசு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையையொட்டிய மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஒரு குகைக் கோயில் குடைந்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. எடுத்தவன் பெயர் அதில் விசித்திரசித்தன், மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில் தேசூருக்குப் பக்கத்திலுள்ள சீயமங்கலத்தில் அவன் பெயர் லளிதாங்குரன், கோயில் பெயர் அவனிபாஜன பல்லவேச்சுரம். சித்திரகாரப்புலி என்று தனக்கே ஒரு பட்டம் சூட்டிக்கொண்ட மன்னன் இவன். ஓவியத்தின் மேல் அவ்வளவு ஆசை வைத்தவன் மரத்தை வேண்டாம் என்றான் என்பதுதான் வேடிக்கை.

சீயமங்கலக் குடைவரைக்குள் நின்று அரைத்தூண்களின் மேற்பகுதியைப் பார்த்தால் சட்டம் என்பதன் இன்னொரு வடிவம் கண்ணில் படும். அங்கே சிவன் ஆடுகிறான். தமிழ்நாட்டில் கிடைத்த ஆடும் சிவனின் மிகப் பழைய கற்சிற்பங்களில் அது ஒன்று. இன்னொன்றில் காளையோடு நிற்கிறான். தூணின் சதுரப் பகுதியே படத்துக்கு எல்லை. கல்லைக் குடைந்து உருவத்தை விட்டுவைத்தபோது விளிம்பும் தானாக நின்றது. மூலை இணைப்பு இல்லை, ஆணி இல்லை, ஐப்பசி மழையில் உப்புவதும் இல்லை. ஆனால் அதே குடைவரைகளில் தூணுக்கு மேல் போதிகையும் அதன்மேல் உத்திரமும் செதுக்கியிருக்கிறார்கள். பாறைக்குப் போதிகை எதற்கு? மரம் வேண்டாம் என்று கல்லில் எழுதிவைத்த அரசனின் சிற்பிகள் கை மரவேலையை மறக்கவில்லை.

சுவர் ஓவியத்திலும் இதே வழிதான். செஞ்சிப் பக்கம் பனமலையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில் மிஞ்சியிருக்கும் தேவியின் ஓவியத்துக்குச் சுவரே சட்டம். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி காலத்து ஓவியங்களைப் பிரிப்பது வண்ணத்தில் தீட்டிய கரைகள். இருபதடிக்குக் கரை வேண்டுமா, தூரிகை இருபதடி ஓடினால் போதும். சுவரிலிருந்து பிரிக்க முடியாது என்பது ஒன்றே குறை.

படம் சுவரை விட்டு இறங்கி நகரத் தொடங்கியதும்தான் நீளச் சட்டம் ஒரு கேள்வியாகிறது. பிரிட்டிஷ் ஓவியக்கூடங்களில் ஆளை முழுதாக நிற்கவைத்து வரையும் படத்துக்கு ஓர் அளவு வழக்கமாகிப்போயிருந்தது: 94 அங்குலத்துக்கு 58 அங்குலம். அதாவது ஏறக்குறைய எட்டடி உயரம், ஐந்தடி அகலம். சென்னையில் 1800-களின் தொடக்கத்தில் கட்டிய விருந்து மண்டபத்தில், இன்றைய ராஜாஜி மண்டபத்தில், ஆளுநர்களும் தளபதிகளும் இப்படித்தான் சுவரெங்கும் நின்றார்கள். அவற்றில் பல பிறகு 1948-இல் திறந்த புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இந்த அளவுக்குச் சட்டம் போட ஒன்பதடிக்கு மேல் மரம் வேண்டாம். மனித உயரத்துக்கு இருபக்கமும் கொஞ்சம் காற்று விட்டால் எந்த அளவு வருமோ, அதுவே தச்சுப்பட்டறை மரத்தின் அளவாகவும் இருந்தது. ஆளை வரைந்தவரை சிக்கல் இல்லை. ஊர்வலத்தையும் போரையும் வரைந்தபோதுதான் சட்டம் திணறியது.

கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் ரஷ்ய ஓவியர் வெரெஷ்சாகின் வரைந்த படம் ஒன்று தொங்குகிறது. 1876-இல் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூருக்குள் யானை மேல் ஊர்வலமாக நுழையும் காட்சி. ஏறத்தாழ 23 அடி அகலம், 16 அடி உயரம். ஒற்றைத் துணியில் வரைந்த எண்ணெய் வண்ணப் படங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று சொல்வார்கள். சுற்றளவு மட்டும் 78 அடி. ஒட்டில்லாமல் 24 அடிச் சட்டம் இரண்டு தேடிப் போனவன் திரும்பி வந்திருக்க மாட்டான்.

ஒரு போர்க்காட்சிக்கு நம் பக்கத்துத் தொடர்பே உண்டு. 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் பிரிட்டிஷ் படையை முறியடித்தார்கள். அதே ஆண்டில் செஞ்சிக் கோட்டையும் ஐதர் கைக்குப் போனது. அந்த வெற்றியைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டவைத்தான். அதே காட்சி தாளிலும் வரையப்பட்டிருக்கிறது. அப்படி ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் சோத்பி ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. பத்துத் தாள்களை ஒட்டி, சுமார் 32 அடி நீளம். வாங்கியவர் அதை ஒரே சட்டத்தில் மாட்ட நினைத்தால் மேலும் கீழும் 33 அடி மரம் வேண்டும். பத்துத் தாளாகவே பிறந்த படத்துக்கு ஒற்றை மரம் எதற்கு என்றும் கேட்கலாம்.

சட்டத்துக்காகவும் சுவருக்காகவும் படத்தையே வெட்டிய கதைகளும் உண்டு. ரெம்பிராண்ட்டின் ‘இரவுக் காவல்’ 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்கு இடம் மாறியபோது, அங்கிருந்த இடத்துக்கு அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் கத்தரித்தார்கள். இடது ஓரத்தில் நின்ற ஆட்களே காணாமல் போனார்கள். வெரோனேசேயின் ‘கானா திருமணம்’ 9.94 மீட்டருக்கு 6.77 மீட்டர், 1797-இல் நெப்போலியனின் படை அதை வெனிஸிலிருந்து துண்டாக்கிப் பாரிசுக்குக் கொண்டுபோனது. 1992-இல் லூவரில் பழுதுபார்த்து முடியும் தறுவாயில், ஒன்றரை டன் எடையுள்ள அந்தப் படத்தை உயர்த்தும்போது சரிந்து விழுந்தது. துணியைக் கிழித்தது தாங்குவதற்காக வைத்த உலோகச் சட்டகம்தான். பெரிய படத்துக்கு எதிரி சில சமயம் அதன் சொந்தச் சட்டமே.

இவ்வளவு பெரிய சட்டங்களை அக்காலத்தில் எப்படிச் செய்தார்கள்? ஒட்டுப்போட்டுத்தான். இதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூரில் ‘ஒரே மரம்’ என்பதற்கு ஒரு தனி மோகம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுத் தூண் ஒரே மரம், கொடிமரம் ஒரே மரம், வாசற்கால் ஒரே மரம். கொடிமரத்துக்கு அது நியாயம். காற்றை எதிர்த்துத் தனியாக நிற்கிறது. சபரிமலைக்கு 2017-இல் புதுக் கொடிமரம் நட்டபோது கோன்னிக் காட்டில் தேக்கு தேடிப் போனார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. படச்சட்டம் அப்படியில்லை. அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறது.

ஐரோப்பியச் சட்டத்தில் ஒட்டு தெரியாமல் போனதற்குக் காரணம் பொன். மலிவான மரத்தில் துண்டுகளைச் சேர்த்து, மேலே சுண்ணத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்து, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிசினும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்து அச்சில் வார்த்த பூவேலைகள் வந்தன. ஒட்டுள்ள இடத்தில் ஒரு இலைக்கொத்தை ஒட்டினால் கதை முடிந்தது. தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்களுக்கு இது புது வித்தை இல்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் சேர்த்த மக்கால் நகையையும் தோரணத்தையும் மேடாக்கி, தங்க ரேக்கு போர்த்துவதுதான் அவர்கள் தொழிலே. அந்தப் பலகை எத்தனை துண்டு என்று பார்ப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஒட்டு அவமானமானது பாலிஷ் வந்த பிறகு. மரத்தின் ரேகை தெரிய வேண்டும், வார்னிஷ் பளபளக்க வேண்டும் என்று ரசனை மாறியதும், ரேகை அறுபடும் இடம் குற்றமாகத் தெரிந்தது. இன்று நீளச் சட்டம் தேடி அலைபவர்களில் பாதிப்பேருக்குத் தேவை நீளம் இல்லை, மறைப்புத்தான். பொன் நிறமோ கறுப்போ பூசிக்கொள்ள மனம் வந்தால் பன்னிரண்டடி என்ன, முப்பதடிக்கும் சட்டம் உள்ளூரிலேயே கிடைக்கும்.

ஆனால் ஒட்டுவதில் ஒழுங்கு வேண்டும். இரண்டு முனையையும் செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அது ஒட்டே இல்லை. மரத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. நீளவாட்டில் சாய்த்து வெட்ட வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் சாய்வு. அப்போது இரண்டு துண்டும் பக்கவாட்டுப் பரப்பில் தழுவிக்கொள்ளும், பசை இறுகியபின் வளைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒட்டை விட்டு மரம்தான் முறியும். மேல் சட்டத்தின் ஒட்டும் கீழ்ச் சட்டத்தின் ஒட்டும் நேருக்கு நேர் வராமல் தள்ளிவைப்பது பலத்துக்கு நல்லது. கண்ணுக்கு நடு ஒட்டே நல்லது. இரண்டும் கேட்கிறவர் பின்பக்கம் இன்னொரு பட்டையை ஓடவிட்டுக்கொள்ள வேண்டும். படக்கடை பிளாஸ்டிக் ஸ்டிக்கில் இந்த வித்தை பலிக்காது. பூவேலை அச்சு ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில்தான் வெட்ட முடியும், லாட் மாறினால் நிறமும் மாறும். ஐந்து வாங்கும் இடத்தில் ஏழு வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஒட்டே கூடாது என்று உறுதியாக இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பழைய வீடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் கண்ணாடியும் அங்கே வந்து சேரும். உத்திரமும் கைமரமும் மரக்கடைகளுக்குப் போகும். பதினைந்தடி, பதினெட்டடி நீளத்தில், நூறு வருடம் கூரைக்கடியில் காய்ந்து முடிந்த வைரம் பாய்ந்த பர்மா தேக்கு இன்றைய காட்டில்கூடக் கிடைக்காது. காய்ந்து முடிந்தது என்பதுதான் இதில் முக்கியம். புது மரம்போல அறுத்த பிறகு முறுக்கிக்கொள்ளாது. ஆனால் அதற்குள் ஆணி ஒளிந்திருக்கும். துருவேறிய ஆணியைச் சுற்றித் தேக்கு கறுத்துப்போய்ச் சின்னச் சின்ன மைத்துளிபோல் தெரியும். அது தெரியாமல் ரம்பத்துக்குக் கொடுத்தால் பல் போய்விடும். அதனால்தான் சில மில்களில் பழைய மரம் என்றாலே கையை விரிக்கிறார்கள். விவரமுள்ள ஆசாரி முதலில் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இழைப்புளியை எடுப்பார்.

இன்னொரு வழி, அறுக்கும் இடத்துக்கே போவது. செங்கோட்டைப் பக்கத்து மில்களிலும், பெரிய ஊர்களில் நாலு பக்கமும் ஒரே ஓட்டத்தில் சீவும் மெஷின் வைத்திருக்கும் பட்டறைகளிலும், கட்டையைப் பார்த்துப் பேசி நீளத்துக்கு அறுத்து வாங்கலாம். மெஷினுக்கு நீளம் ஒரு பொருட்டில்லை. ஒரு முனையில் விட்டால் மறுமுனையில் வந்துகொண்டே இருக்கும். செலவெல்லாம் கத்தியில். சட்டத்துக்கு வேண்டிய வளைவுக்கு ஏற்பக் கத்தியைத் தீட்டித்தர ஒரு தொகை வாங்குவார்கள். ஒரு படத்துக்கு அது கட்டுபடியாகாது, பத்துப் படத்துக்கு ஆகும். ஒற்றைப் படக்காரர் பேசாமல் தட்டையான சட்டம் எடுத்து, ஓரத்தில் ஒரு பீடிங் ஒட்டி, பின்னால் ரௌட்டரில் காடி எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இரும்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. சதுரக் குழாய் இருபதடி நீளத்தில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அலுமினியச் சட்டம் பன்னிரண்டடி, பதினாறடி. பெரிய கேன்வாஸை உள்ளே இறுக்கிப் பிடிக்கும் சட்டகத்தை இப்போது பல பட்டறைகள் அலுமினியத்திலோ இரும்பிலோ செய்து, வெளியே மரத்தை வெறும் முகமாக வைக்கின்றன. முகத்துக்குப் பலம் தேவையில்லை, எனவே ஒட்டும் பிரச்சினையில்லை. இதை முன்பே கண்டுபிடித்தவர்கள் சினிமா பேனர் வரைந்தவர்கள். அண்ணா சாலையில் நாற்பதடி உயரத்தில் நின்ற நாயகர்கள் எவரும் ஒரே துணியில் இல்லை. ரீப்பர் சட்டத்தில் துணி இழுத்து ஆணியடித்த பல பலகைகள். கண்ணுக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று. பின்னால் சவுக்குக் கம்பும் கயிறும். கோடு போட்டுக் கட்டம் பிரித்து வரைந்ததால் பலகைகள் மேலே போய்ச் சேர்ந்தபோது மூக்கு மூக்கோடு பொருந்தியது. பம்பாயில் இதே தொழிலிலிருந்து வந்தவர்தான் எம்.எப். உசேன். ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கலையை முடித்துவைத்தது; ஆனால் பெரிய படத்தைப் பகுதிகளாகப் பிரிப்பது தோல்வி இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தமிழ்நாட்டில் கிடையாது. மூன்று மலையை மூன்று கேன்வாஸில் வரைந்தால் என்ன?

சட்டமே வேண்டாம் என்ற கட்சியும் இருக்கிறது. கருப்பூர்க் கலம்காரித் துணிகள் கோயிலில் திரையாக, விதானமாக, தொம்பையாக எத்தனை அடிக்கும் தொங்கும். மேலே ஒரு கழி போதும், கரையைத் துணியிலேயே எழுதிவிடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் தீட்டியிருந்த ஓவியங்களைத் தொல்லியல் துறை உரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஏற்றியது. அங்கே பலகையே தாங்கி, அலங்காரச் சட்டத்துக்கு வேலையில்லை. கேன்வாஸின் ஓரத்தையும் வரைந்து மடித்து, சுற்றிலும் அரை அங்குல இடைவெளி விட்டு மெல்லிய பட்டை வைக்கும் பாணி இன்றைய காட்சிக்கூடங்களில் சகஜம். பெரிய படத்துக்கு நாலங்குலப் பூவேலைச் சட்டம் பெரும்பாலும் அழகு சேர்ப்பதில்லை. ஐந்தடி உயரப் படத்தைச் சுற்றி வீட்டு வாசற்காலை நட்டதுபோல் இருக்கும்.

எந்த வழியில் மரம் வந்தாலும் நீளம் வேறு சில வரிகளை விதிக்கும். தொய்வு முதலாவது. தன் எடையில் தொங்கும் சட்டத்தின் நீளம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும். ஆறடியில் கண்ணுக்கே தெரியாத தொய்வு பன்னிரண்டடியில் கீழ்ச் சட்டத்தைச் சிரிப்பதுபோல் வளைத்துவிடும். அகலத்தைக் கூட்டினால் பலமும் வேகமாகக் கூடும் என்பதால், நீளப் படத்தின் கீழ்ச் சட்டத்தைச் சற்று அகலமாக வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அடுத்தது எடை. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ; நம் பன்னிரண்டுக்கு ஐந்தடிப் படத்துக்குக் கண்ணாடி போட்டால் அதுவே 56 கிலோ. அக்ரிலிக் போட்டால் அதில் பாதிக்கும் குறைவு. கேன்வாஸுக்கு இரண்டும் வேண்டாம். தூசுக்குப் பயந்து கண்ணாடி கேட்பவர்கள் ஆணியின் நிலைமையை யோசிப்பதில்லை. இந்த எடைக்கு இரண்டு கொக்கியும் கம்பியும் போதாது. சுவர் நெடுக ஒரு சட்டத்தை மேல்விளிம்பு சாய்வாக வெட்டித் திருகி, படத்தின் பின்னால் அதற்கு எதிர்ச் சாய்வில் இன்னொன்று வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவைப்பதுதான் உறுதி.

மூலைமட்டம் கடைசி வரி. அரை டிகிரி பிசகினால் பன்னிரண்டடி முனையில் ஒன்றேகால் அங்குலம் தள்ளிப்போகும். சின்ன மூலைமட்டத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது. ஆசாரிகள் நூல் பிடித்து மூலைக்கு மூலை அளப்பார்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம் நேர். பன்னிரண்டுக்கு ஐந்து என்ற அளவைத் தேர்ந்தெடுத்தவருக்கு இதில் ஒரு வசதி தானாக வருகிறது: குறுக்களவு சரியாகப் பதின்மூன்றடி. டேப்பில் பின்னம் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு படி. மாடிப்படி திருப்பத்தில் பன்னிரண்டடிச் சட்டம் திரும்பாது என்பது சட்டம் முடிந்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. இதனால் பெரிய சட்டங்களை இப்போது பட்டறையில் ஒட்டி முடிப்பதில்லை. நாலு மூலையும் வெட்டி, பின்பக்கம் குழி எடுத்து, திருகி இறுக்கும் போல்ட் வைத்து, நாலு தனிச் சட்டமாகவே அனுப்புகிறார்கள். காடியின் உட்பக்கம் பென்சிலால் எண் போட்டிருக்கும்: ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு. கேன்வாஸைத் துணிமட்டும் உருளையாகச் சுருட்டி, வண்ணம் வெளிப்பக்கம் வரும்படி மேலே ஏற்றி, அந்த அறையிலேயே இழுத்து மாட்டி, சட்டத்தைச் சுற்றிப் பூட்டி, மூலை இடுக்கில் நிறம் கலந்த மெழுகைத் தேய்த்தால் வேலை முடிந்தது. அடுத்த முறை சுண்ணாம்படிக்கும்போது அதே போல்ட்டைத் தளர்த்திக் கழற்றி வைக்கலாம்.